ஓசோன் இயந்திரத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் ஊற்றுவது குறித்து

அனுப்புநர்
வண்ணப்பூச்சுத் தொழிற்சாலை ஆய்வகப் பணியாளர்,
பட்டறைப் பின்தெரு, கடைசி வீடு.

பெறுநர்
நிலத்தடி நீர்ப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் ஊற்றுவதை நிறுத்தக் கோருதல் – இரண்டாவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தெரு ஆழ்குழாய்க் கிணற்றில், மூடப்பட்ட உலோகப் பட்டறையிலிருந்து மண்ணில் இறங்கிய, பிசுக்கு நீக்கும் நச்சுக் கரைப்பான் கலந்திருப்பதைத் தங்கள் அலுவலகமே கண்டுபிடித்தது. அதற்கு நிறமில்லை, மணமும் தெரிவதில்லை. அதைச் சிதைக்க, ஓசோன் வாயுவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் செலுத்தும் இயந்திரம் சென்ற ஆண்டு நிறுவப்பட்டது. நல்ல இயந்திரம். அதன்மேல் எனக்குப் புகார் இல்லை.

2. குறை அதற்கு முன்னால் உள்ள தொட்டியில். குடியிருப்போர் சங்கச் செயலாளர், அதாவது என் மனைவியின் தம்பி, தினமும் காலையில் அதில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுகிறார். கிருமி சாகட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் பவுடரும் பெராக்சைடும் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடுகின்றன. கரைப்பான் தப்பித்துக் குழாய்வரை வந்துவிடுகிறது. அப்போது பொங்கும் குமிழிகளைக் கண்ணாடி வழியே காட்டி, "பாருங்க, மெஷின் என்னமா வேலை செய்யுது!" என்று எல்லோரும் மகிழ்கிறார்கள்.

3. மாதிரி எடுக்க வரும் நாளைத் தங்கள் ஊழியர்கள் சங்கத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்கிறார்கள். வருகிறவர்களுக்குப் பவுடர் நெடி அடிக்கக் கூடாதென்று அன்று மட்டும் ஊற்றுவதில்லை. ஆகவே அறிக்கை எப்போதும் நன்றாகவே இருக்கிறது.

4. இவ்வளவையும் முதல் மனுவில் எழுதியிருந்தேன். தாங்கள் அதைத் தக்க நடவடிக்கைக்காகச் சங்கச் செயலாளருக்கே அனுப்பி வைத்தீர்கள். அவர் அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, என் மனைவிக்குப் படித்துக் காட்டினார். "ஏன் மச்சான், மெஷின் திறப்பு விழாவுல மேடைக்குக் கூப்பிடலைன்னு இவ்வளவு கோபமா?" என்றார். கூப்பிடவில்லை என்பது உண்மை. கல்வெட்டிலும் என் பெயர் இல்லை. இந்த மனுவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

5. என் மனைவிக்குக் கல்லீரல் பழுதுபட்டிருக்கிறது. இந்தத் தண்ணீரால்தான் என்று மருத்துவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இனி இது ஒரு வாய்கூட ஆகாது என்று மட்டும் அவர் சொன்னார். நான் வாங்கி வைக்கும் கேன் தண்ணீர் மூடி திறக்காமல் மூலையில் கிடக்கிறது. மனுவைக் கேட்டு முடித்ததும் என் மனைவி எழுந்துபோய், தெருக்குழாயில் ஒரு செம்பு பிடித்து வந்து, எங்கள் இருவர் முன்னாலும் குடித்தார். "என் தம்பி எனக்கு விஷத்தையா குடுப்பான்? நீங்க இதுவரைக்கும் யாரை நல்லவன்னு சொல்லியிருக்கீங்க?" என்று கேட்டார். இப்போது மாத்திரை விழுங்க அந்தத் தண்ணீரைத்தான் ஊற்றிக் கொடுக்கிறேன். வேறு தண்ணீர் என்றால் மாத்திரையும் உள்ளே போவதில்லை.

6. எனவே, சொல்லாமல் ஒரு காலைப் பொழுதில் வந்து மாதிரி எடுக்கவும், பவுடர் ஊற்றுவதைத் தடை செய்யவும், தொட்டியைக் கழுவி இயந்திரம் ஒழுங்காக ஓடும்வரை குழாயை அடைக்கவும் வேண்டுகிறேன். செயலாளர் மீது நடவடிக்கை வேண்டாம். உத்தரவில் என் மனுவைக் குறிப்பிடவும் வேண்டாம். தங்கள் அலுவலகம் தானாகக் கண்டறிந்ததாகவே இருக்கட்டும்.

அந்த உத்தரவையும் அவருக்கே அனுப்புங்கள். எங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து அவரே படித்துக் காட்டட்டும். தம்பி படித்தால் என் மனைவி கேட்பார்.

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
(கையொப்பம்)
கடைசி வீட்டுக்காரர்

இடம்: பட்டறைப் பின்தெரு
நாள்: மார்ச் 9