உங்கள் திரையில் திறந்த என் கோப்பு

அக்கா,

இன்று காலை என் திரை கிளம்பவில்லை. சுவிட்சைப் போட்டால் ஒரு முனகல், பிறகு இருட்டு. ஆள் வந்து பார்க்கும்வரை நான்காம் எண் திரையில், உங்கள் இடத்தில், உட்காரச் சொன்னார் முதலாளி. நீங்கள் போன பிறகு இந்த ஆறு மாதத்தில் யாரும் அந்த இடத்தில் உட்காரவில்லை. திரையைப் போட்டதும் சூடான தூசியின் வாசனை வந்தது. அதற்குப் பின்னால் மெலிதாக உங்கள் தலைவலித் தைலம். விசைப்பலகைக்கு நீங்கள் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையில் ஊறியிருக்க வேண்டும்.

பிறகு அந்தச் சாம்பல் நிறம் வந்தது. நம் திரைகளுக்குச் சொந்த மூளை கிடையாது. பெங்களூரில் ஏதோ ஒரு கம்பெனி கழித்துப் போட்டவை. வேலையெல்லாம் பின்னறையில் இருக்கும் ஒரே பெரிய கணினியில் நடக்கிறது. கம்பி வழியாக நம்மிடம் வருவது அதன் காட்சி மட்டும். காலையில் அது விழிக்கும்வரை சாம்பல் திரையும் நடுவில் ஒரு சின்னப் பெருக்கல் குறியும்தான். நீங்கள் அந்தக் கணினியைப் பெரியவர் என்பீர்கள்.

"பெரியவரு இன்னும் எந்திரிக்கல சாமி. அதுக்குள்ள நீ ரெண்டு பக்கம் படிச்சுரு" என்று என் பையைக் காட்டுவீர்கள். இன்னொரு நாள், "புத்தகத்துக்குக் காட்டற மொகத்த மனுசருக்கும் கொஞ்சம் காட்டு அம்மணி" என்றீர்கள். வெண்ணந்தூரில் இந்தச் சேலை டிசைன் அறையில் ஐந்து வருடம் முதுகுக்கு முதுகு உட்கார்ந்திருந்தோம். நான் உங்களிடம் பேசியதைவிட உங்களைக் கவனித்ததே அதிகம்.

கவனித்ததால்தான் தெரிந்தது. மயில் கழுத்து நிறம் வர வேண்டிய கரையில் ஒருமுறை கிளிப்பச்சை இருந்தது. அடுத்த வாரம் ஒரு பச்சைப் பூ நீலமாகியிருந்தது. உங்களுக்கு வயது நாற்பத்தாறு, சர்க்கரை வேறு. நிறம் வைப்பதற்கென்றே முதலாளி உங்களை வைத்திருந்தார். கண் சரியில்லை என்று தெரிந்தால் அந்த நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள். அதனால் நீங்கள் ஆட்டையாம்பட்டி பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு, எல்லோருக்கும் பொதுவாக இருந்த டிசைன் கோப்புகளில் உங்களுடையதைத் திறந்து நிறத்தை மாற்றிவைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. என் சொந்தக் குறிப்புக் கோப்பில் மட்டும் எழுதிவைத்தேன்: 'அக்காவுக்கு நீலமும் பச்சையும் பிரிந்து தெரியவில்லை. அவருக்குத் தெரியாமல் மாற்றுகிறேன்.' அதன் கீழே எந்தச் சேலை, எந்த இடம் என்று ஒரு பட்டியல்.

காலையில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்த பிறகு, எந்தத் திரையில் சாளரம் திறக்க வேண்டும் என்று எண்ணோடு ஒரு வரி தட்ட வேண்டும் அல்லவா? எனக்கு மூன்று, உங்களுக்கு நான்கு. இதையெல்லாம் அமைத்துக் கொடுத்தவர், சும்மா சும்மா வந்துபோக முடியாது என்று, யார் திரையிலும் யாரும் திறக்கும்படி விட்டிருந்தார். ஒருநாள் என் விரல் தவறி நான்கைத் தட்டியது. அது தெரியாமல் குறிப்புக் கோப்பைத் திறந்தேன். என் திரையில் ஒன்றும் வரவில்லை. பெரியவர் மெதுவாக இருக்கிறார் என்று நினைத்து மறுபடி திறந்தேன். அப்புறம் இன்னொரு முறை.

"ஏனுங்க அம்மணி, ஒண்ணு போதாதுங்களா? மூணு வந்திருக்குது" என்றீர்கள், திரும்பாமல்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் கோப்பு உங்கள் திரையில் இருந்தது; உங்கள் திரையில் இருக்கும்வரை அதன் விசைகளும் உங்கள் கையில்தான். முதுகுக்குப் பின்னால் நீங்கள் தட்டும் சத்தம் கேட்டது. நிதானமாக, நிறுத்தி நிறுத்தித் தட்டினீர்கள். அது நின்ற பிறகு எண்ணைத் திருத்தி என் திரையில் திறந்தேன். என் பட்டியலுக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்தீர்கள்:

'மயில் கழுத்துக் கரை: நீ மாற்றியது சரி. நீலமாகிவிட்ட பூ: அதுவும் சரி. முந்தானையில் மூன்றாவது கட்டம்: அது தப்பில்லை, நான் வேண்டுமென்று வைத்தது. திரும்ப வை. அரக்குச் சேலையின் உடலில் வரும் பூ: அதுவும் நான் வேண்டுமென்று வைத்தது. அது தறிக்குப் போய்விட்டது.'

நான் மாற்றிய பதினொன்றில் நான்கு அப்படி. உங்களைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, உங்கள் வேலையில் நான்கு இடத்தை நான் அழித்திருந்தேன்.

மதியம் நீங்கள் என்னோடு சாப்பிடவில்லை. சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்கு உங்கள் பின்னாலேயே வந்தேன். ரோட்டைப் பார்த்தபடியே கேட்டீர்கள்:

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமில்ல?"

"எப்படிக்கா கேக்கறது?"

"வாயிலதான். அதுக்குத்தான இருக்குது" என்றீர்கள். பிறகு, "எனக்கே ரெண்டு மாசமா சந்தேகந்தான். யார்கிட்டச் சொல்றதுன்னு இருந்தேன். நீ என்னடான்னா கணக்கா லிஸ்ட்டே போட்டு வெச்சிருக்கற" என்று சிரித்துவிட்டீர்கள். பஸ் வந்ததும் படியில் ஏறி நின்று, "அந்த மூணாவது கட்டத்த நாளைக்கு மாத்தீரு" என்றீர்கள்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில், முதல் வேலையாக, உங்கள் டிசைனை என் திரையில் திறந்துவிடுவீர்கள். இந்த முறை தெரிந்தே மூன்று என்று தட்டி. "இது என்ன கலரு?" என்பீர்கள். நான் சொல்வேன். "அப்படின்னா தப்பு, மாத்து" என்பீர்கள். சில சமயம், "ஆமா, அதுதான் வேணும், உடு" என்பீர்கள். அந்தக் கால்மணி நேரத்தில்தான் நான் மனிதரோடு பேசப் பழகினேன். மயிலுக்கு ஏன் கத்தரிப்பூ நிறக் கழுத்து என்று கேட்டால், "மயில் ஒண்ணும் சொல்லல, உனக்கென்ன?" என்பீர்கள். சேலத்தில் ஒரு கண்ணுக்குப் புரை எடுத்துக்கொண்டு வந்த நாளில் கரையைப் பார்த்து, "இது இத்தன நீலமாவா இருந்துச்சு? நீ சொல்லவே இல்ல" என்று என்னையே கடிந்துகொண்டீர்கள். இன்னொரு கண்ணை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றீர்கள். அந்த அடுத்த வருடத்துக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது.

அந்த வாரம் நீங்கள் முடித்த டிசைனை நாம் சேர்ந்து பார்க்கவில்லை. இத்தனை நாள் கழித்து, போன வாரம்தான் அது தறிக்குப் போனது. இன்று மதியம் தறிக்காரர் போன் செய்தார்.

"அம்மணி, கரையில மாங்கா பூராம் பச்சையா வருது. ஒண்ணே ஒண்ணு மட்டும் நீலமுங்க. தப்புங்களா? தறிய நிறுத்தி வெச்சிருக்கறேன், மாத்திக் குடுக்கறீங்களா?"

உங்கள் இடத்திலேயே அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். நீல மாங்காய் இருந்தது. அது புரை எடுக்காத கண்ணின் வேலையா, உங்கள் குறும்பா? எவ்வளவு நேரம் பார்த்தாலும் தெரியாது. கேட்டுவிட்டு மாற்றும் பழக்கம் உங்களால் எனக்கு வந்தது. கேட்க ஆள் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று நீங்கள் சொல்லவில்லை. அதை நானே முடிவு செய்ய வேண்டியிருந்தது. பெரிய கஷ்டமாகவும் இல்லை.

"அப்படியே ஓட்டுங்க" என்றேன்.

"மொதலாளி கேட்டாருன்னா?"

"அக்கா வெச்சதுன்னு சொல்லுங்க."

சரிங்க என்றார். போனை அணைக்க மறந்துவிட்டார் போல. அந்தப் பக்கம் தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.