கதவுக்குப் பின்னால் வைத்த சுவிட்ச்

அன்பு மகளுக்கு உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே உன் அம்மா, உன் சித்தி, நான் மூவரும் சுகம், அதிலும் நான் கொஞ்சம் கூடுதலாகவே சுகம், வீடு கட்டி முடித்ததில் எனக்குப் பத்து வயது குறைந்துவிட்டதாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு குளிரில் போய்வந்து, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனை எடுத்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள், நான் சொல்லப்போவது அவர்கள் காதில் விழக்கூடாதது. உன்னிடம் சொல்லமாட்டேன் என்று அண்ணிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். என் ஆயுளில் நான் மீறுகிற முதல் வாக்கு இது. உன் சித்தி இந்த வரியைப் படித்தால் இருமுவாள், அதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

புது வீட்டுப் போட்டோக்களைப் பார்த்துவிட்டு நீ போட்ட சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. அம்மா ரூம்ல சுவிட்ச கதவுக்குப் பின்னாடி வச்ச அறிவாளி யாரு சித்தப்பா, நான் அனுப்பின பிளான்ல அப்படியா இருக்கு, அந்த எலெக்ட்ரீஷியனுக்கு இனிமே ஒரு காசு குடுக்காதீங்க, வேற ஆளப் பாருங்க என்றாய். ஒரு லாரியில் அடங்குகிற சாமானுக்கு மூன்று நடைக் கூலி ஏன் என்றும் கேட்டாய். நான் பாத்துக்கலாம்மா என்று ஒரே வார்த்தையில் போனை வைத்தேனே, அப்போதே உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், நான் எப்போது ஒரே வார்த்தையில் நிறுத்தியிருக்கிறேன். அந்த அறிவாளி நான்தான். எலெக்ட்ரீஷியன்மேல் ஒரு தப்பும் இல்லை.

அவனுக்கு மின்னல் என்று பெயர் வைத்தவனும் நான்தான், வேகத்துக்காக இல்லை, எப்போதாவது ஒருமுறை தெரிந்துவிட்டு மறைந்துபோவதற்காக. இருந்தாலும் உன் பிளானை அச்சுப் பிசகாமல் செய்திருந்தான். சுவரை வெட்டிக் குழாய் பதித்து, அதன்மேல் கொத்தனார் கண்ணாடி மாதிரி பூசியும் முடித்துவிட்டார். அந்தச் சமயத்தில் அண்ணியை வீடு பார்க்க அழைத்துப் போனேன். தன் அறை வாசலில் நின்று கையைச் சுவரில் வைத்தார்கள், தடவினார்கள், இன்னும் கொஞ்சம் தடவினார்கள், அப்புறம் கையை எடுத்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும், வீடு நல்லா இருக்கு தம்பி, ஆனா யார் வீட்டுக்கோ வந்த மாதிரி இருக்கு, நான் பழைய வீட்டுலயே இருந்துக்கறேன் என்றார்கள். பழைய வீட்டுக்காரரோ தன் மகனுக்கு வேண்டும் என்று காலி பண்ணச் சொல்லியாகிவிட்டது. நானும் கெஞ்சினேன், சித்தியும் கெஞ்சினாள், அண்ணி மசியவில்லை. பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன், நாலு வார்த்தை கடிந்தும் பேசிவிட்டேன்.

மறுநாள் பழைய வீட்டில் பரண் சாமானை இறக்கலாம் என்று ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து நடையில் போட்டேன். பட்டப்பகல், வெளிச்சம் கொட்டுகிறது. அண்ணி நேராக நடந்துவந்து அதில் இடித்து விழுந்தார்கள். முழங்காலில் சிராய்ப்பு, நல்லவேளை வேறொன்றும் இல்லை, என் அளவு வேகமாகப் பாய்ந்து தூக்கக்கூடியவன் பக்கத்தில் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார். (நான் போவதற்குள் அண்ணி தானாகவே எழுந்துவிட்டதாக வேறு ஒரு பேச்சும் உண்டு.) அப்போதுதான் விஷயம் வந்தது. எதிர்ல இருக்கறது நல்லாத் தெரியுது தம்பி, ஓரத்துல இருக்கறதும் கீழ இருக்கறதும் தெரியல, இருட்டிட்டா சுத்தமாத் தெரியல என்றார்கள். எவ்வளவு நாளா அண்ணி என்றேன், யாரு எண்ணினா என்றார்கள். நாம் யாரும் கவனிக்கவில்லை மகளே. இருபத்தெட்டு வருஷம் இருந்த வீடு, அங்கே அவர்கள் நடந்ததெல்லாம் கையாலும் காலாலும்தான்.

சித்தியும் நானும் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். கண்ணுக்குள் அழுத்தமாம். போன பார்வை திரும்பாது, மிச்சம் இருப்பதைச் சொட்டுமருந்து விடாமல் போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். நான் கேட்ட கேள்விகளில் டாக்டரே அசந்துவிட்டார், எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான், கூட்டினால் பதினாறு ஆகிறது. வரும் வழியில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்பத்தான் அவளுக்கு அங்க ஒரு நல்ல வேலை அமைஞ்சிருக்கு, சொன்னீங்கன்னா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்துடுவா, சொல்லாதீங்க என்றார்கள். தலையாட்டிவிட்டு வந்தேன்.

நேரே மின்னலைப் பிடித்தேன். பழைய வீட்டில் சுவிட்ச் எந்த உயரத்தில், எந்தப் பக்கம், கதவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அப்படியே இங்கேயும் வேண்டும் என்றேன். அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். அது தாத்தா காலத்து ஒயரிங் பெரியவரே, ரூம் சுவிட்ச் கதவுக்குப் பின்னாடி இருக்கு, எந்தப் பைத்தியக்காரன் இப்ப அப்படி வைப்பான் என்றான். உன் முன்னாடிதான் நிக்கிறான் என்றேன். கொத்தனார் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார், பூசின சுவர மறுபடி வெட்டுறதா, என்ன விளையாட்டா இருக்கா, முதல்லயே யோசிக்க மாட்டீங்களா என்று எகிறினார். அப்புறம்தான் காரணத்தைச் சொன்னேன். ஒரு மணி நேரம் நான் பேசிய பேச்சில் கொத்தனார் கண் கலங்கிவிட்டார். பேசினது ரெண்டு நிமிஷம், கலங்கினது சிமென்ட் தூசியில என்பது உன் சித்தியின் கட்சி. மின்னல் பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டான். அப்புறம், செஞ்சுடலாம், ஆனா இத வச்சது நான்னு வெளிய சொல்லிடாதீங்க, பொழப்பு போயிடும் என்றான். அவனும் நானும் சேர்ந்து பழைய வீட்டை அளந்தோம். உங்க சித்தப்பா டேப்புல ஒரு முனையப் பிடிச்சாரு, அதையும் ரெண்டு தடவ விட்டாரு என்று சித்தி எழுதச் சொல்கிறாள், எழுதிவிட்டேன். அவன் மறுபடி வெட்டினதற்குக் கூலி என்று தனியாகக் கேட்கவில்லை. அவனைத்தான் மாற்றச் சொன்னாய். இனி எடுக்கப்போகிற மேல்மாடி வேலையும் அவனுக்குத்தான் என்று நான் சொல்லியாயிற்று, அதை மட்டும் மறுக்காதே.

வேலை முடிந்ததும் அண்ணியை மறுபடி அழைத்துப் போனேன். என்ன செய்திருக்கிறோம் என்று வாயைத் திறக்கவில்லை, எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். அறைக்குள் போனார்கள், கை கதவுக்குப் பின்னால் தானாகப் போனது, விளக்கு எரிந்தது. அணைத்தார்கள், மறுபடி போட்டார்கள். மின்னல் வெளியே போய் நின்றுகொண்டான். கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு அண்ணி, கதவு ஏன் இவ்வளவு கனமா இருக்கு, தச்சர வரச்சொல்லுங்க என்றார்கள். குறை சொல்ல ஆரம்பித்தால் குடிவரச் சம்மதம் என்று தெரிந்துகொண்டேன்.

மூன்று நடை கணக்கும் அதுதான். எல்லாவற்றையும் ஒரே நடையில் கொண்டுவந்து கவிழ்த்தால் வீடு முழுக்க ஸ்டூல் கிடக்கிற மாதிரிதான். அதனால் முதல் நடையில் அண்ணி அறைச் சாமான் மட்டும், அவர்களே நின்று இன்னது இன்ன இடம் என்று வைத்தபிறகு சமையலறை, கடைசியில் மீதி. கட்டிலு, பீரோ, ஒரு நாற்காலி, மிச்ச எடத்துல காத்தையா ஏத்திட்டுப் போறோம் என்று லாரிக்காரர் கேலி பண்ணினார். கேட்ட கூலியில் கால்வாசியை நான் குறைத்தேன், சித்தி கொடுத்த தேநீரில்தான் குறைந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதே.

இனி உன் விஷயம். வேலையை விடாதே, அண்ணி அதற்குத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் மேல்மாடி முடிந்ததும் வருகிறேன் என்றாயே, அதுவரை தள்ளாதே. மாடி எங்கேயும் ஓடிவிடாது. மிச்சப் பார்வை எத்தனை நாளைக்கு என்று டாக்டர் எழுதிக் கொடுக்கவில்லை, நான் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். லீவு கிடைத்த முதல் நாளே கிளம்பு, வீடு பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொள், நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே.

நீ எடுத்த காரியமெல்லாம் நிறைவேறி, நோய்நொடி இல்லாமல், என்னைப் போலவே நீண்ட ஆயுளோடும் என்னைவிட நிறையப் பணத்தோடும் இருக்க வேண்டும். ஒரே ஒரு ஞாபகம். சின்ன வயதிலிருந்து செருப்பை நடுவாசலில் கழற்றுகிறவள் நீ, இந்தத் தடவை ஓரமாக விடு, நாற்காலி எதையும் நகர்த்தாதே. வழக்கம்போல் பின்னால் போய்க் கட்டிப்பிடிக்காதே, பக்கவாட்டிலும் போகாதே. அண்ணிக்கு நேர் எதிரில் போய் நில். நேர் எதிரில் இருப்பது அவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரிகிறது.

என்றும் உன் நன்மையே நினைக்கும்,
சித்தப்பா
(எட்டாம் வகுப்பு, இரண்டு தடவை)