அம்மா வைத்த பீடிக்கட்டு

அப்பா,

இன்று சாயங்காலம் அம்மா உங்கள் நீலச் சட்டையை மாமாவுக்குக் கொடுக்க எடுத்து உதறினாள். பையிலிருந்து பீடித்தூள் உதிர்ந்தது. அந்த வாசனையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இதக் குடிச்சிட்டு இருந்திருந்தா மனுசன் இருந்திருப்பாரு. யாரோ ஏத்திவிட்டு நிறுத்த வச்சிருக்காவ. யாருன்னு தெரியட்டும், இருக்கு" என்றாள்.

அந்த யாரோ நான்தான். அவள் தூங்கிய பிறகு கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன்.

புளியங்குடியில் எலுமிச்சை மூட்டை தூக்கிய முதுகுவலிக்கு என்று தொடங்கிய மாத்திரை, உங்களால் விடமுடியாத போதையாகிவிட்டது. அதிலிருந்து மீள, சங்கரன்கோவில் போதை மீட்பு மையத்தில் தினமும் காலையில் வேறொரு மாத்திரை தருவார்கள். நாக்குக்கு அடியில் வைத்து, கரையும்வரை வாய் திறக்கக் கூடாது. பள்ளிக்குப் போகும் முன் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நான் கேள்வி கேட்க, நீங்கள் விரலால் பதில் சொல்வீர்கள். கரைந்ததும் எல்லோரும் வெளியே போய்ப் பீடி பற்றவைப்பீர்கள்.

"பீடியையும் விட்டுருங்க அண்ணாச்சி. விட்டவங்க இந்த வைத்தியத்துலயும் நல்லா நிக்காங்க" என்றார் நர்ஸ் அக்கா.

பக்கத்திலிருந்தவர் சிரித்தார். "ரெண்டையும் விட்டுட்டு எதுக்கு வே உசுரோட இருக்கணும்?"

நான் பஸ்ஸில் உங்களை விடாமல் நச்சரித்தேன். விடுவதாக வீட்டில் சொன்னீர்கள். பீடியும் இல்லையென்றால் பழைய மாத்திரைக்கே போய்விடுவீர்களோ என்று அம்மா பயந்தாள். தினமும் அவளே ஒரு பீடிக்கட்டை உங்கள் சட்டைப்பையில் வைத்தாள். நம் ஊர் கரிவலத்தில் பஸ் ஏறியதும் அதை என்னிடம் தருவீர்கள். பள்ளிக்குப் பின்னாலுள்ள சாக்கடையில் போடுவேன்.

"அம்மைட்ட சொல்லாதட்டி. குடிக்கேன்னே நெனச்சிட்டு நிம்மதியா இருக்கட்டும்."

இரண்டு மாதத்தில் நெஞ்சுவலி வந்தது. பீடியை விட்டுவிட்டதாக நீங்கள் டாக்டரிடம் சொன்னபோதுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. நீங்கள் போன பிறகு, பல வருஷப் புகையில் இதயம் முன்பே கெட்டிருந்தது என்றார் டாக்டர். அம்மா காதில் வாங்கவில்லை. விட்டதால்தானோ என்று எனக்கும் சில சமயம் சந்தேகம் வருகிறது.

நீங்கள் பீடியை விட்ட பிறகு ஒரு நாள், பஸ்ஸில் தூங்கிய ஒருவரைக் கண்டக்டர் தட்டினார். "சங்கரன்கோயிலுக்கு டிக்கெட் எடுத்துட்டு மெட்ராஸ் வரைக்கும் தூங்குதீரே வே!" நீங்கள் சிரித்தீர்கள். உங்கள் சிரிப்பு எப்போதும் பாதியில் இருமலாகிவிடும். அன்று சிரித்து முடித்துவிட்டு, இருமலுக்காகக் காத்திருந்தீர்கள்.

"பாத்தியாட்டி, வரலை!" மறுபடியும் சிரித்தீர்கள்.

அந்த முழுச் சிரிப்பை அம்மா கேட்டதே இல்லை. காலையில் முதலில் அதைத்தான் அவளிடம் சொல்லப்போகிறேன். பிறகு, யார் பேச்சைக் கேட்டுப் பீடியை விட்டீர்கள் என்பதை.