எனக்குப் பின்னால் எழும்பியவன்

கட்டுகஸ்தோட்டை

இஞ்சருங்கோ,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஞாயிறு பூசையில் பிரசங்க நேரம் குறட்டை விட்டுவிட்டேன். திடுக்கிட்டு விழித்து, விசுவாசப் பிரமாணம் தொடங்கிவிட்டதாக்கும் என்று எழும்பி நின்றேன். கோவில் முழுக்க இருந்தபடியே இருந்தது. திரும்பிப் பார்த்தால், பின்வரிசை வாங்கில் இருந்த புது ஆள் மட்டும் என்னோடு எழும்பி நின்றான்.

சந்தேகம் வந்தால் நான் சும்மா இருப்பேனா? தேவையில்லாத இடத்தில் முழந்தாளிட்டேன். அவனும் முழந்தாளிட்டான். பூசை தெரிந்த வேதக்காரன் இல்லை, பொலிஸ்காரன்.

உங்களைப் போல யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களின் பெயர்களைப் பொலிஸ் நம் பங்குச் சுவாமியிடம் கேட்டிருக்கிறதாம். கொடுத்தாரோ இல்லையோ, ஊரடங்கில் கிறிஸ்து பிறப்பு நத்தார்ப் பூசை வைக்க நம் கோவிலுக்கு மட்டும் அனுமதி வந்துவிட்டது. எனக்கு இப்போது சுவாமியின் சிரிப்பும் பிடிக்கவில்லை. நத்தாருக்கு வராதீர்கள், கொழும்பிலேயே இருங்கள்.

பூசை முடிய அவன் வாசலில் நின்று, "உங்கட மாத்தயா எங்க அம்மா?" என்று உங்களை விசாரித்தான்.

"அவர் செத்துப்போனார் தம்பி. தங்கமான மனிசன்" என்றேன், பொய்யோடு பொய்யாக.

பக்கத்தில் நின்ற சுவாமி, போன மாதம் உங்களோடு சீட்டு விளையாடிய அதே சுவாமி, "ஓம், பாவம். வாற ஞாயிறு அவற்ற ஆத்துமாவுக்குப் பூசை வைக்கிறன்" என்றார். பிறகு என் காதோடு, பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே 'இறந்தார்' என்று எழுதிவிடுவதாகச் சொன்னார்.

அப்படியென்றால் பட்டியல் இருக்கிறது.

இதைத் தபாலில் போடவில்லை, கொழும்பு மடத்துக்கு வரும் சிஸ்டர் கையில் தருவா. உங்கள் பூசைக்கென்று வெள்ளைச் சேலையை அயன் பண்ணினேன். முந்தானை எரிந்துவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் விதவை