படிக்கட்டில் நடந்த வகுப்பு

என்னங்க,

என் போன் கல்லூரிப் படிக்கட்டில் விழுந்து நொறுங்கிவிட்டது. யாரிடமாவது வாங்கிப் பேசலாம்தான். ஆனால் என் குரலை வைத்தே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். போனோடு நானும் லேசாக விழுந்தேன்.

ஆம்புலன்ஸ் வேலைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பேசச் சொல்லிக்கொடுக்கிறேனே, அதில் ஒருத்தியைப் பற்றிப் புலம்பியிருக்கிறேன், நினைவிருக்கிறதா? வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல நிற்பாளே, அவள்தான் முதலில் ஓடி வந்தாள். என் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, "டோன்ட் மூவ், மேடம். ஐ ஆம் வித் யூ. வேர் இஸ் த பெயின்?" என்று நான் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே கேட்டாள்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷெல்லாம் பறந்துவிட்டது. "ஐயோ, முட்டிடி, முட்டி" என்று கத்தினேன்.

வகுப்பில் தமிழ் பேசினால் வெளியே நிறுத்துகிறவள் நான். அவள் பிடியை விடாமலே சொன்னாள்: "மேடம், இங்கிலீஷ் ப்ளீஸ்."

அந்த வலியிலும் சிரித்துவிட்டேன். ஸ்ட்ரெச்சர் தூக்கிய அவள் வகுப்புப் பையன்கள் நாலு பேரும் சிரித்ததில் அது ஆட்டம் கண்டது. "சிரிக்காம தூக்குங்கடா" என்று அதட்டினாள், சுத்தமான தமிழில்.

அவளுக்கு முழு மார்க் போட்டுவிட்டேன். மனசு நிறைவாக இருக்கிறது.

சின்னக் கட்டுதான். தொடையில் ஆரம்பித்துப் பாதத்தில் முடிகிறது. இதற்காக லீவெல்லாம் போட வேண்டாம். போட்டுவிட்டீர்கள் என்றால், உங்கள் சாவியை மறக்காமல் எடுத்து வாருங்கள். கதவைத் திறக்க என்னால் எழுந்து வர முடியாது.

உங்கள்
டீச்சரம்மா