பிறந்த வீட்டுக் கோடி

பெரியம்மா,

இன்று காலை மாட்டுங்காவில், பூட்டிக் கிடந்த ஒரு துணிக்கடை வாசலில் நெடுநேரம் நின்றேன். செம்பூரில் எங்கள் எதிர் வீட்டுப் பெண்ணின் கணவர் விடியற்காலையில் இறந்துவிட்டார். பாவம், சின்ன வயது. அவளுடைய அண்ணன் தம்பிகள் ஊரிலிருந்து வந்து சேர நாளை ஆகிவிடும், அதுவரை உடலை வைத்திருக்க வழியில்லை. "பொறந்த வீட்டுக் கோடிய நீயே எடுத்துப் போட்டிரும்மா" என்று அவள் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போடும் புதுச் சேலை. இல்லை என்று சொல்ல முடியுமா? டாக்ஸி பிடித்து ஓடினேன். அந்த நேரத்தில் பூக்கடைகளும் காப்பிக்கடையும்தான் விழித்திருந்தன. "தஸ் பஜே கே பாத், ஆண்ட்டி" என்றான் பூ கட்டுகிறவன். துணிக்கடை திறக்கப் பத்து மணிக்கு மேல் ஆகுமாம்.

ஒருவழியாக ஷட்டரைத் தூக்கினார்கள். கஞ்சி போட்ட புதுப் பருத்தியின் வாசனை முகத்தில் அடித்தது. அவ்வளவுதான், அழுதுவிட்டேன். கடைக்காரர் பதறிப்போய், "ரொம்ப நெருங்கின சொந்தமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அழுதது எதிர் வீட்டுப் பெண்ணுக்காக மட்டும் இல்லை, பெரியம்மா. கடை திறந்தால்தான் கோடி எடுக்க முடியும். இந்தச் சாதாரண விஷயத்தை வைத்துத்தான் நீங்கள் ஒரு கொலையைக் கண்டுபிடித்தீர்கள். போலீஸ் கண்டுபிடிக்காத கொலை அது.

ஊரில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். உங்கள் வீட்டில் அம்மியில் கை வைத்தால் எங்களுக்கு என்ன குழம்பு என்று தெரிந்துவிடும். பெரியப்பாவும் அப்பாவும் பாகம் பிரித்த பிறகும் பிரியாத ஆட்கள். தோட்டம் தனித்தனி, கிணறு பொது. மோட்டார் ஒரு நாள் அவருக்கு, ஒரு நாள் இவருக்கு. அந்த முறை கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் போதும், இரண்டு பேரும் ஊரைக் கூட்டுவார்கள். சாயங்காலம் ஒரே தட்டில் அவித்த கடலையைத் தின்றுகொண்டிருப்பார்கள். "இவனுவ சண்டைய நம்பிப் பஞ்சாயத்துக்கு வாறவன் மடையன்" என்று நீங்கள் சொல்வீர்கள்.

அந்தக் கோடையில் மிளகாய்ச் செடி கண்ணெதிரே வாடிக்கொண்டிருந்தது. கிணற்று மேட்டில் ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா கத்தினார்: "இன்னொரு தடவ என் முறைல மோட்டாரப் போட்டே, உன்ன இந்தக் கிணத்துலயே போட்டு மூடிருவேன்!" பெரியப்பா சிரித்துவிட்டுப் போனார். மறுநாள் விடியும்போது அதே கிணற்றில், முழங்காலளவுத் தண்ணீரில் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் அடி.

அதற்கு மேல் போலீசுக்கு என்ன வேண்டும்? அப்பாவைக் கொண்டுபோய் அடித்தார்கள். வாக்குமூலம் கொடுத்த அத்தனை பேரும் அப்பா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தையே திருப்பிச் சொன்னார்கள். வேறு எதுவும் கிடைக்காததால் கடைசியில் விட்டுவிட்டார்கள். போலீஸ் விட்டது, ஊர் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எனக்கு ஒன்பது வயது. அப்பா செய்திருக்க மாட்டார் என்று அழுவேன். ஒருவேளை செய்திருந்தால் என்று நினைத்து அதற்கும் அழுவேன்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொலைப் பகை விழுந்த வீட்டில் யாரும் கை நனைப்பதில்லை. சோறு என்ன, ஒரு வாய் தண்ணீர்கூடக் கிடையாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்தபோது உங்கள் தம்பி, நான் மாமா என்று கூப்பிட்டவர், வாசலில் வாடகைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். பிள்ளையில்லாத அக்காவைக் கூட்டிப்போய்க் கடைசிவரை வைத்துக் காப்பாற்றுவான், அவள் பங்கு நிலத்தையும் அவனே பார்த்துக்கொள்வான் என்று பந்தலில் இருந்தவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். நீங்கள் வெளியே வந்தீர்கள். காரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அத்தனை பேரையும் தாண்டி நேராக எங்கள் வீட்டுக்குள் வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தீர்கள்.

"ஏட்டி, பசிக்கி. சோறு வையி" என்றீர்கள் என் அம்மாவிடம்.

அம்மாவுக்கு வாய் குழறியது. "அக்கா... எங்க வீட்டுலயா?"

"ஏன், உன் வீட்டுச் சோத்துல உப்புக் கெடயாதா?"

பழைய சோறும் முந்தின நாள் புளிக்குழம்பும்தான் இருந்தது. வாசலில் தலைமேல் தலையாக நின்று எட்டிப் பார்த்தார்கள். நீங்கள் நிதானமாகப் பிசைந்து சாப்பிட்டு, மறுசோறு கேட்டு வாங்கி, அதையும் சாப்பிட்டுக் கை கழுவினீர்கள். அப்பா சுவரில் சாய்ந்து நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். மாமா காலி காரில் திரும்பிப் போனார். செஷன்ஸ் கோர்ட்டில் ஸ்டெனோவாக எத்தனையோ கொலை வழக்குச் சாட்சியங்களைத் தட்டச்சு செய்திருக்கிறேன், பெரியம்மா. அப்படி ஒரு சாட்சியத்தை இன்றுவரை கேட்டதில்லை.

இருந்தும் அந்த ஊரில் காலம் தள்ள முடியவில்லை. அப்பாவோடு வயலில் இறங்க ஆள் வர மறுத்தார்கள். தாராவிக்கு ரயில் ஏறினோம். நீங்களும் ஏறினீர்கள். உங்கள் பங்கு நிலத்தைத் தரிசாகவே போட்டுவிட்டு வந்தீர்கள், தம்பிக்குக் குத்தகைக்குக்கூடக் கொடுக்கவில்லை. அப்பா தோல் பை தைக்கும் பட்டறைக்குப் போனார். நீங்களும் அம்மாவும் முறுக்குச் சுட்டு மாஹிம் வரைக்கும் கடைகளுக்குப் போட்டீர்கள். குழாயடியில் யாராவது இடையில் புகுந்தால், "ஏ பாய்சாப், லைன் மே கடா ரஹோ வே!" என்று வரிசையில் நிற்கச் சொல்லி நீங்கள் போடும் சத்தம் அடுத்த சந்துக்குக் கேட்கும். இந்திக்குப் பின்னால் நம் ஊர் 'வே' போட்டுப் பேசிய ஒரே ஆள் நீங்கள்தான்.

அப்பாவுக்கு ஒரே ஒரு உறுத்தல். "என்னால மதினிக்குப் பொறந்த வீடு இல்லாமப் போச்சே" என்று புலம்புவார். நீங்கள் காதில் வாங்காத மாதிரி மாவு பிசைவீர்கள்.

நான் கோர்ட் வேலையில் சேர்ந்த புதிதில் மாமா தாராவிக்கு வந்தார். மகள் கல்யாணப் பத்திரிகை, வெற்றிலை பாக்கு, ஒரு சீப்புப் பழம். வீடு தேடி அலைந்து வியர்த்து ஒழுக நின்றார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "வாங்க மச்சான், வாங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "மதினி, மச்சானுக்குத் தண்ணி குடுங்க" என்றார்.

"கொழாய்ல இன்னைக்குத் தண்ணி வரல" என்றீர்கள்.

அவருடைய முழங்கைக்குப் பக்கத்திலேயே டிரம் நிறையத் தண்ணீர் இருந்தது. மாமா அதைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார். பத்திரிகையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார். அப்பா ஓடிப்போய்த் தெருமுனையில் அவருக்குச் சோடா வாங்கிக் கொடுத்து, தாதர் ஸ்டேஷன் வரை கொண்டுபோய் விட்டு வந்தார்.

அப்பா திரும்பி வருவதற்குள் உங்களை மடக்கினேன். "என்ன பெரியம்மா இது? ஒரு வாய் தண்ணி..."

"அவனுக்கு என் வீட்டுத் தண்ணி கெடயாது. உங்க பெரியப்பாவக் கொன்னது அவன்தான்."

எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்.

"அவன் வீட்டுக்குச் சாவுத் துட்டி சொல்ல ஆளு சைக்கிள்ல போனான். போன சூட்டுலயே அவன் வந்துட்டான், கக்கத்துல கோடிச் சேலையோட. பொறந்தவன்னா இப்படில்லா இருக்கணும்னு பொம்பளைய எல்லாம் மெச்சினாளுவ. அந்த அழுகைலயும் எனக்கு அது தட்டுச்சு. டவுன்ல கடை தொறக்கப் பத்து மணி ஆவும். விடிஞ்சும் விடியாம இவனுக்குக் கோடி எங்க கெடச்சுது? கோடிய யாராவது முன்கூட்டியே வாங்கி வீட்டுல வெப்பாளா?"

"அது ஒண்ணு போதுமா? கோர்ட்டுல நிக்காது, பெரியம்மா."

"உன் கோர்ட்டுல நிக்காண்டாம். பதினாறாம் நாள் காலைல அவனத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். 'ஏல, அந்தச் சேலைய எப்பம் வாங்குன?' வாயத் தொறக்கல. ஒரு பொய் சொல்லிருந்தாக்கூட நம்பிருப்பேன். தலையக் குனிஞ்சுட்டு நின்னான்."

நிலத்துக்காகத்தான் என்றீர்கள். பிள்ளையில்லாத அக்கா தாலி அறுத்தால் நிலத்தோடு தன் வீட்டுக்குத்தானே வர வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கிணற்று மேட்டுச் சண்டையை அவரும் நின்று பார்த்திருக்கிறார். பழியைப் போட ஆள் கிடைத்துவிட்டது. அன்றைக்கே டவுனுக்குப் போய்ச் சேலை எடுத்துவிட்டார். "எனக்குச் செய்முறைல மட்டும் கொறை வெக்கக் கூடாதுன்னு நெனச்சிருக்கான், பாத்துக்கோ" என்று சொல்லி முறுக்கைத் திருப்பிப் போட்டீர்கள்.

"போலீஸ்ல சொல்லிருக்கலாமே?"

"சேலையக் கூண்டுல ஏத்தி நிறுத்தவா? அதுவும் போக, எங்கம்மைக்கு அவன் ஒருத்தன்தான் கஞ்சி ஊத்துதவன்."

"அப்பாட்டயாவது?"

அப்போதுதான் என் பக்கம் திரும்பினீர்கள். "சொல்லு. உங்கப்பன் நாளைக்கே ரயிலேறிப் போயி அவன வெட்டிப் போட்டுட்டு வருவான். அண்ணன்னா அவனுக்கு உசுரு. இப்பம் செய்யாத கொலைக்குக் கெட்ட பேரு வாங்கிட்டு நல்லவனா இருக்கான். அப்படியே இருந்துட்டுப் போட்டும். நீ வாயத் தொறந்தே, உன் கையால நான் சோறு திங்க மாட்டேன்."

உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது, பெரியம்மா. எங்களைக் கரையேற்றிய ஆள் நீங்கள்தான் என்றாலும் வந்தது. ஊர்ப் பேச்சு தாராவி வரைக்கும் எங்கள் பின்னாலேயே வந்திருந்தது. எனக்கு வந்த வரன் ஒன்று அதனாலேயே தட்டிப்போனது. உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு இந்த மனுஷி மாவு பிசைகிறாளே என்று பல்லைக் கடித்தேன். பிறகு ஒரு நாள் கோர்ட்டில், அண்ணனைக் கொன்றவனைத் தேடிப்பிடித்து வெட்டிய ஒருவருக்கு ஆயுள் தண்டனை சொன்னார்கள். நானே தட்டச்சு செய்தேன். வெளியே வராந்தாவில் அவருடைய மகள் பள்ளிச் சீருடையோடு நின்றிருந்தாள். யாரும் அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. அவள் என்னிடம், "பப்பா ஆயேங்கே க்யா?", அப்பா வருவாரா என்று கேட்டாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து நான் உங்கள் காலைப் பிடித்துவிட்டபோது, "என்னட்டி புதுசா?" என்று கேலி செய்தீர்களே, அதற்குக் காரணம் இதுதான்.

மாமா இறந்த செய்தி போனில் வந்தது. நீங்கள் போகவில்லை. தலைக்குக் குளித்துவிட்டு வந்து மூலையில் உட்கார்ந்து, "இடுப்புல தூக்கிச் சுமந்த பயல்லா" என்று சொல்லிச் சொல்லி அழுதீர்கள். அப்பா என்னிடம் வந்து, "பாத்தியா, என்னதான் கோவம்னாலும் கூடப் பொறந்த பாசம் விடுமா?" என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

இன்று இதையெல்லாம் தைரியமாக எழுதுகிறேன் என்றால், என் பிள்ளைகளுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்க வராது. மாமாவின் பேத்தி இப்போது இங்கே பக்கத்தில் நெருளில் தங்கி வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து என் மகளோடு இந்தியில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள். முதல் நாள் அவள் தட்டின் முன் உட்கார்ந்தபோது என் கரண்டி ஒரு கணம் நின்றது உண்மை. அந்தக் குழந்தை என்ன செய்தாள்? போட்டேன். "பெரிய தாத்தாவ யாரு மர்டர் பண்ணாங்க?" என்று என் மகள் எப்போதாவது கேட்பாள். போலீசுக்கே தெரியவில்லை என்பேன். அதில் பொய் எதுவும் இல்லை.

அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது உங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். குரல் வெளியே வரவில்லை. "மதினி, அன்னைக்கு எங்க வீட்டுல வந்து சாப்பிட்டியளே. இவன் செஞ்சிருப்பானோன்னு ஒரு துளியாவது சந்தேகம் இருந்துச்சா?"

அத்தனை வருடமும் அந்தக் கேள்வி அவருக்குள் இருந்திருக்கிறது. நீங்கள் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "சந்தேகம் இருந்தா அந்தக் கொழம்புக்கு மறுசோறு கேப்பனா கொழுந்தனாரே? உம்ம பொண்டாட்டி கொழம்பு வச்ச லெச்சணம் ஊருக்கே தெரியும்."

அப்பா சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு உங்களைப் பார்த்து இரண்டு கைகளையும் கூப்பினார். ஊசி குத்திய கை, தூக்கி வைத்திருக்க முடியாமல் ஆடியது. நான்தான் பிடித்துக் கீழே இறக்கினேன். மண்வெட்டி பிடித்த கை, தோல் தைத்த கை, எந்தப் பாவத்தையும் தொடாத கை. அந்தக் கையை அப்படியே கடைசிவரை காப்பாற்றி எங்களுக்குக் கொடுத்தவர் நீங்கள். அதற்கு விலையாக உங்கள் பிறந்த வீட்டைக் கொடுத்தீர்கள். அப்பாவின் கைச்சூடு இன்னும் என் கையில் இருக்கிறது, பெரியம்மா.