பரிவட்டம் கேட்கும் மார்க்கேசா

என் செல்ல டிரைவர் அப்பாவுக்கு,

மஸ்கட்டில், நம் ரூவி வீட்டில் எல்லாரும் நலம். ஏசி மட்டும் உங்களைப் போலவே குறட்டை விடுகிறது. நான்தான் கொதித்துப்போயிருக்கிறேன்.

நீங்கள் காரோட்டிய ஸ்பெயின் மேடம் நினைவிருக்கிறாரா? அவர் குடும்பத்துக்கு ஏதோ ஒரு ராஜா கொடுத்த 'மார்க்கேஸ்' பட்டத்தின் கதையைச் சோறு பிசைந்தபடி நீங்கள்தான் சொன்னீர்கள். தலைமுறை தலைமுறையாக அக்காக்களைத் தாண்டித் தம்பிகளிடமே போன பட்டம். பிறகு சட்டம் மாறியது. ஆணோ பெண்ணோ, மூத்த பிள்ளைக்குத்தான் என்றானது. தம்பி இருந்தும் மேடம் 'மார்க்கேசா' ஆனார். அதுவும் தானாக வரவில்லை. வாரிசு எழுதிக் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் வேறு உறவுக்காரர் கேட்டு வாங்கிக்கொள்வார்.

அன்றிலிருந்து நானும் மார்க்கேசா. "மார்க்கேசா, தட்டைக் கழுவுங்க!" என்று சல்யூட் அடிப்பீர்களே!

போன வெள்ளிக்கிழமை சித்தப்பா வீடியோ காலில் வந்தார். ஊர் அம்மன் திருவிழாவில் நம் வீட்டு வாரிசுக்குக் கட்டும் பரிவட்டம், தாத்தாவுக்குப் பின் உங்கள் தலையில் ஏறியதே, நீங்கள் கண்மூடிவிட்டதால் அதை இனி தம்பி கவினுக்குக் கட்டுவார்களாம். மூன்றாம் வகுப்புப் படிக்கிறவனுக்கு! "எனக்கு வேணாம், தலை அரிக்கும்," என்றான் அவன். அப்படியானால் தானே கட்டிக்கொள்வதாகச் சித்தப்பா. பக்கத்திலேயே பதினாறு வயதில் ஒருத்தி உட்கார்ந்திருப்பது தெரியவில்லை. நெட்வொர்க் கோளாறா, நெஞ்சுக் கோளாறா?

உங்கள் சிவப்புத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கேமரா முன் வந்து நின்றேன்.

"என்ன பாப்பா கூத்து இது?"

"கூத்து இல்ல சித்தப்பா, ஒத்திகை. மூத்தது நான். பரிவட்டத்த எனக்குக் கேக்கறேன்."

"பொம்பளப் புள்ளைக்கா? காலங்காலமா வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"ஸ்பெயின் ராஜா கொடுத்த பட்டமே மாறிருச்சு. உங்க ரெண்டு முழத் துணி மாறாதா?"

"அண்ணி, இவளுக்குச் சொல்லி வைங்க!"

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினார். "என்னத்தச் சொல்ல தம்பி? மூத்தது அவதானே." போன் கட்.

அப்பா, ஸ்பெயின் கதையைச் சொல்லிச் சிரித்தீர்களே, நம் வீட்டிலும் அதேதான் என்று உங்களுக்குத் தெரியாமலா இருந்தது? அத்தை உங்களுக்கு மூத்தவர்தானே? பரிவட்டம் தலையில் ஏறியபோது, கூட்டத்தில் அவர் எங்கே நின்றார் என்று ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தீர்களா?

திருவிழாவுக்கு டிக்கெட் போட்டாயிற்று. பூசாரி முன்னால் நின்று வாய்விட்டுக் கேட்பேன். முதலில் அத்தைக்கு. அவருக்குப் பிறகுதான் எனக்கு. இந்த வருடம் தராவிட்டால் அடுத்த வருடமும் கேட்பேன். கேட்காமல் மட்டும் விடமாட்டேன், உங்கள் மேல் சத்தியம்.

தட்டையும் கழுவிவிடுகிறேன்.

கோபம் தீராத பாசத்துடன்,
உங்கள் மூத்த பிள்ளை